சீ.ரீ. ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் நோயில்லை என்று பொருளல்ல

"ஸ்கானில் ஒன்றுமில்லையாம் டொக்டர், இது வேணுமென்று பிடிக்கிற பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டு மறதி வந்த தாயையோ தகப்பனையோ அழைத்து வரும் குடும்பங்களைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஓயாமல் சந்திக்கிறேன். அண்மையில் வந்த ஓர் அம்மா, சீ.ரீ. படம் சுத்தமாக இருந்த ஒரே காரணத்தால் மாதக்கணக்கில் வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறார். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டதற்கு ஏச்சு. மாடு கட்டியாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டதற்கும் ஏச்சு. மணிக்கூடு ஒன்றை வரையச் சொன்னேன். வட்டத்தை ஒழுங்காகப் போட்டவர், 12 இலக்கங்களையும் வலப் பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, மறுபக்கம் வெறுமையாகக் கிடப்பதைக் கவனியாமலே தாளை என்னிடம் நீட்டினார். அதன் பிறகு மகன் ஸ்கானைப் பற்றிப் பேசவில்லை.

சீ.ரீ. ஸ்கான் இரத்தக் கசிவைக் காட்டும், கட்டியைக் காட்டும், பாரிசவாதத்தின் தழும்பைக் காட்டும், மூளை நன்றாகச் சுருங்கியிருந்தால் அதையும் காட்டும். ஞாபகத்தைக் குன்றச் செய்யும் அல்சைமர் நோயில் நரம்புக் கலங்களுக்குள் சிக்குண்டு கிடக்கும் டௌ புரதத்தை அது காட்டவே காட்டாது. 1906இல் அலோயிஸ் அல்சைமர் அந்தச் சிக்கல்களை விவரித்தது, இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தபின்தான். ஞாபகத்துக்குரிய பகுதியை அண்டி, பொட்டுமடலின் உட்புறத்தில் தொடங்கிப் பல ஆண்டுகளாகப் பரவும் அந்த மாற்றம், தொடக்கத்தில் சாதாரண படத்தில் தெரியாமலிருப்பது வழமையே. ஆகவே சுத்தமான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றவரை நடிக்கிறார் என்று சொல்லாதீர்கள். அறளை பெயர்ந்துவிட்டது என்று ஒதுக்கியும் விடாதீர்கள்.

டௌவைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கான் இருக்கிறதே, கொழும்புக்கோ இந்தியாவுக்கோ கொண்டு போகலாமா என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தப் படத்துக்காக உடலில் ஏற்றும் புளோர்டௌசிபிர் என்ற கதிரியக்க மருந்தை அமெரிக்கா 2020 மே மாதத்தில் அங்கீகரித்தது. மருந்திலுள்ள கதிரியக்கப் புளோரின் ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகிவிடுவதால், அதைத் தயாரிக்கும் இடம் அருகில் இல்லாமல் இந்தப் பரிசோதனை நடவாது. நல்ல அறிவோடிருக்கும் முதியவர்கள் பலரின் மூளையிலும், அல்சைமர் நோயில் காணும் மற்றொரு புரதமான அமிலோயிட் படிந்திருக்கும். டௌ பரவும் விதமோ ஞாபகம் குன்றும் விதத்தோடு அதைவிட நெருங்கிப் போகிறது என்பதால்தான் ஆய்வாளர்கள் இந்தப் படத்தை மதிக்கிறார்கள். ஆனால் தொடக்கநிலைப் படிவை இதுவும் தவறவிடலாம். இதற்காகக் காணியை ஈடு வைக்க வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதலில் தைரோயிட்டையும் பி12 உயிர்ச்சத்தையும் இரத்தத்தில் பாருங்கள். காது கேட்கிறதா என்று பாருங்கள். இழப்புகளைச் சுமந்து வாழும் எங்கள் முதியோரிடம் மனச்சோர்வும் மறதியாகவே தோன்றும், அதற்கு வைத்தியம் உண்டு. இரண்டொரு நாளில் திடீரெனத் தடுமாறினாலோ, விழுந்து சில வாரங்களில் குணம் மாறினாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வாருங்கள். அந்த இடத்தில் சீ.ரீ. உயிரைக் காக்கும். பலத்த காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு எழுதித் தந்தால், உடம்பில் எறிகணைத் துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வன்னியில் இதை நாங்கள் கேட்காமல் விடக்கூடாது, நீங்களும் மறைக்கக்கூடாது. கிளினிக்குக்கு வரும்போது, பாமசியில் வைத்தியரின் மருந்துத் துண்டில்லாமல் வாங்கிய தடிமன் குளிசை, நித்திரைக் குளிசை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அவரோடு ஒரே வீட்டில் இருப்பவரே கூட வர வேண்டும்.