வாய்ப் புற்றுநோய் வைத்தியத்துக்குப் பிறகு முகம் வீங்கிறது ஏன், அதை எப்பிடி இறக்கிறது

வாய்ப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன், ரேடியேசன் எல்லாம் முடிச்சு வீட்டை வந்த ஆக்களில கனபேருக்கு சில மாசத்தில ஒரு வீக்கம் தொடங்கும். முதல் நாடிக்குக் கீழதான் வரும், பிறகு கழுத்து, கன்னம், சிலருக்கு சொண்டு, கண்மடல் வரைக்கும் போகும். காலமை எழும்பேக்க ஊதிப்போயிருக்கும், மத்தியானம் ஆக ஆக இறங்கும். வருத்தம் திரும்பி வந்திட்டுதோ எண்டு வீடே பயந்துபோயிடும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க ஆக்கள் தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ போய் கிழமைக்கு அஞ்சு நாள் படி ஆறேழு கிழமை ரேடியேசன் எடுத்திட்டு வருவினம், ஆனா இந்த வீக்கம் அதுக்குப் பிறகு ஊரில இருக்கேக்கதான் தலைகாட்டுது, கேக்கிறதுக்குப் பக்கத்தில ஒருத்தரும் இல்லை. இலங்கை ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோய்களில வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிக்குது, வெத்திலை பாக்கு போடுறது எங்கட பக்கம் எவ்வளவு எண்டு சொல்லத் தேவையில்லை, அதால இது கன வீடுகளுக்குத் தேவைப்படுற விசயம்.

ரத்தம் ஓடுற மெல்லிய குழாய்களில இருந்து தண்ணியும் கொஞ்சம் புரதமும் எந்த நேரமும் வெளிய கசிஞ்சுகொண்டுதான் இருக்கும். அதைத் திருப்பி அள்ளிக்கொண்டுபோய் ரத்தத்தில சேர்க்கிறதுக்கெண்டே நிணநீர்க் குழாய்கள் இருக்கு, நாளுக்கு லீட்டர் கணக்கில இந்த வேலை நடக்குது. வழிநெடுக நிணநீர்க் கணுக்கள் இருக்கும், தொண்டை நோகேக்க கழுத்தில நெறி கட்டியிருக்கு எண்டு சொல்லுவமே, அதுதான். உடம்பில உள்ள கணுக்களில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு தலையிலயும் கழுத்திலயும்தான் இருக்கு. வாய்ப் புற்றுநோய் முதல்ல பரவப் பாக்கிறதும் அங்கதான், அதாலதான் ஒப்பரேசனில கழுத்துக் கணுக்களையும் சேர்த்து எடுக்கினம். ரேடியேசன் பட்ட இடம் பிறகு மெல்ல மெல்ல இறுகி நார் பத்தும். கசியிறது வழமை மாதிரிக் கசியுது, போற வழிதான் இல்லை.

காலமை கூட இருக்கிறதுக்கும் காரணம் இருக்கு. நிமிர்ந்து இருக்கேக்க புவியீர்ப்பு முகத்தில உள்ளதைக் கீழ இழுக்கும், கதைக்கிறது, சாப்பிடுறது, தலையைத் திருப்புறது எல்லாம் தசையை அசைச்சு நிணநீரைத் தள்ளும். இரவு மட்டமாப் படுத்தா ரெண்டும் இல்லை.

தேங்கினதில தண்ணி மட்டும் எண்டா பிரச்சினை சின்னன், புரதமும் கிடக்குது. புரதம் பெரிய மூலக்கூறு, ரத்தக் குழாய்க்குள்ள நேர திரும்பிப் போக ஏலாது, அங்கயே கிடந்து தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். அதாலதான் மூத்திரம் போற குளிசை இந்த வீக்கத்துக்குப் பெரிசாச் சரிவராது. தண்ணி குடிக்கிறதைக் குறைக்கிற ஆக்களும் இருக்கினம், தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ, ரேடியேசனால ஏற்கனவே எச்சில் வத்திப்போன வாய் இன்னும் காயும், வீக்கம் குறையாது. ஆரம்பத்தில நாடிக்குக் கீழ பெருவிரலால கொஞ்ச நேரம் அமத்தி எடுத்தா குழி விழுந்து மெல்ல நிரம்பும், அந்தக் கட்டத்தில தொடங்கினா நல்லா இறக்கலாம். கனகாலம் விட்டா தேங்கின புரதத்தால அழற்சி வந்து, நார் வளந்து, தோல் தடிச்சுப்போகும், பிறகு அமத்தினாலும் குழி விழாது.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன். வீட்டில செய்யிறது என்னெண்டா, நல்லெண்ணெயைப் பூசி வீங்கின இடத்தையே அமத்தி அமத்தி உருவிறது, இல்லாட்டி சுடுதண்ணி ஒத்தடம். பாசத்திலதான் செய்யினம், ஆனா ரெண்டும் கூடாது. நிணநீர் உள்ள போற முதல் குழாய்கள் தோலுக்குச் சரியாக் கீழ இருக்கு, சுவர் ஒரே ஒரு கல அடுக்கு. அந்தக் கலங்களின்ர விளிம்பு ஒண்டுக்கு மேல ஒண்டு படிஞ்சிருக்கும், நுண்ணிய நார்கள் அதைச் சுத்தியிருக்கிற திசுவோட கட்டி வச்சிருக்கு. தோலை மெதுவா ஒரு பக்கம் இழுத்தா நார் இழுபட்டு விளிம்பு திறக்கும், தண்ணி உள்ள போகும், விட்டா மூடி முன்னுக்குத் தள்ளும். பலமா அமத்தினா குழாய் தட்டையாகிடும். சூடு வச்சா ரத்தக் குழாய் விரிஞ்சு இன்னும் கசியும். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடரும் மனுசி எஸ்ட்ரிட்டும் பிரான்சில இருந்து இந்த மெல்லிய கை முறையை உருவாக்கி 1936இல பாரிஸில காட்டினவை, இண்டைக்கும் அடிப்படை அதுதான்.

எங்க தொடங்கிறது எண்டதும் மெல்லமாச் செய்யிற அளவுக்கு முக்கியம். வயலில கழிவு வாய்க்கால் அடைச்சா தண்ணி போய் விழுற கடைசிப் பக்கத்தில இருந்துதானே வெட்டிக்கொண்டு வருவம், மேல இருந்து வெட்டினா இடையில வரம்பு மேவிடும், அதே கணக்குத்தான் இங்கயும். நிணநீர் கடைசியாப் போய் விழுறது காறை எலும்புக்குப் பின்னால உள்ள பெரிய நாளங்களில. அதால முதல் சாய்ஞ்சு இருந்து வயிறு எழும்ப அஞ்சாறு தரம் ஆழமா மூச்சு எடுக்கோணும், அப்ப நெஞ்சுக்குள்ள அழுத்தம் குறைஞ்சு நிணநீரை மேல இழுக்கும். பிறகு காறை எலும்புக்கு மேல உள்ள குழியில விரல்களைத் தட்டையா வச்சு, தோல் மட்டும் அசையிற அளவுக்கு இழுத்து விடோணும். அடுத்தது கக்கம், அடுத்தது காதுக்குக் கீழ இருந்து கழுத்துப் பக்கவாட்டால கீழ்நோக்கி, கடைசியாத்தான் நாடியும் கன்னமும், பிறகு வந்த வழியாலயே திரும்ப இறக்கோணும். விரலுக்குக் கீழ தசை தெரிஞ்சா அமத்தினது கூடிப்போச்சு. கழுத்தின்ர ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரம் அமத்தக் கூடாது, மூளைக்குப் போற ரத்தக் குழாய் அங்க இருக்கு. ஆளாளுக்கு வெட்டின இடமும் தழும்பும் வேற எண்டதால வழியும் மாறும், சிலருக்குக் கழுத்தால விடாம கக்கத்துப் பக்கம்தான் திருப்பி விடோணும். அதால கிளினிக்கில டொக்டரிட்ட கேட்டு, பிசியோதெரபிஸ்ட்டிட்ட ஒருக்காவாவது கையால காட்டச் சொல்லிப் பழகிப்போட்டு வீட்டில செய்யுங்கோ.

இரவில நாடிக்குக் கட்டுற ஸ்பொஞ்ச் வச்ச பட்டியும் உதவும், அதை அளவு பாத்துத் தாறவைதான் தரோணும், சால்வையால இறுக்கிக் கட்டுற வேலை வேண்டாம். தலைகாணியை அடுக்கினா கழுத்து மடியும், கட்டிலின்ர தலைமாட்டுக் காலுக்குக் கீழ கல்லு வைக்கிறது நல்லம். மத்தியான வெயிலையும் அடுப்புச் சூட்டையும் குறையுங்கோ. ஒப்பரேசன் செய்த இடம் விறைச்சுக் கிடக்கும், பிளேட்டால சேவ் எடுக்கேக்க வெட்டினாலும் தெரியாது, அந்தச் சின்னக் காயத்தால கிருமி போனா தேங்கின நீரில கெதியாப் பரவும், கரண்ட் சேவர்தான் பாதுகாப்பு. தோல் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தா கை வைக்காம உடன ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

வெளிய தெரியிற வீக்கத்தோட உள்ளயும், நாக்கடி, தொண்டைப் பக்கம் வீங்கலாம். குரல் மாறுறது, விழுங்கேக்க தடக்கிறது இருந்தா அடுத்த கிளினிக்கில கட்டாயம் சொல்லுங்கோ, மூச்சு எடுக்கக் கஷ்டம் எண்டா கிளினிக் திகதி பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம், இரவெண்டாலும் வெளிக்கிடுங்கோ.

குறையுதா எண்டு கண்ணாடியில பாத்துப் பிடிக்க ஏலாது. தையல் அளவு நாடாவை எடுத்து ஒரு காதின்ர முன் மேட்டில இருந்து நாடியைச் சுத்தி மற்றக் காது வரைக்கும், ஒவ்வொரு கிழமையும் ஒரே நாள் காலமை ஒரே நேரத்தில அளந்து கொப்பியில எழுதுங்கோ. மெல்ல மெல்லக் குறைஞ்சுகொண்டு வந்தது திடீரெண்டு கூடினாலோ, புதுசா ஒரு கட்டி கையில தட்டுப்பட்டாலோ, கொப்பியையும் கொண்டு நேர டொக்டரிட்ட போங்கோ, அதைப் பாத்துத் தீர்மானிக்க வேண்டியது அவைதான்.