கோடிங் இன்டர்வியூ எந்த முறையில் என்று முன்கூட்டியே கேளுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்துக்கு வேலை தேடி வரும் இளைஞர்களை நேர்காணல் செய்வது என் பணியின் ஒரு பகுதி. கோடிங் தேர்வு எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும் என்று எண்ணி வருபவர்களே அதிகம். உண்மையில் வைட்போர்டில் எழுதுவது, திரையைப் பகிர்ந்து எழுதுவது, வீட்டில் செய்து அனுப்புவது என ஒவ்வொரு முறையும் வெவ்வேறு திறமையைச் சோதிக்கிறது.

ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, உரக்க விளக்கிக்கொண்டே எழுதும் முறையை நான் விரும்புவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தனியறையில் எழுதியவர்களைவிடப் பிறர் பார்க்க எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. பார்வைக்கு உட்பட்டு எழுதிய பெண்களில் ஒருவர்கூட விடை காணவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் கண்டார்கள். சிறிய ஆய்வுதான்; ஆனாலும் பதற்றத்தை அளந்துவிட்டு அதைத் திறமைக்குறைவு என்று பதிவு செய்கிறோமே என்ற கவலையை அது எனக்குள் உறுதிப்படுத்தியது.

ஆகவே, பிழையுள்ள ஒரு சிறு புரோகிராமைக் கொடுத்து, அரை மணி நேரம் தனியே விட்டு, பிறகு உட்கார்ந்து பேசுவதையே நான் விரும்புகிறேன். உதாரணமாக, பில்களைத் தேதி வரிசைப்படி அடுக்க வேண்டிய புரோகிராம், 10-03-2024-க்கு முன்னால் 02-11-2024-ஐக் காட்டும். திறமையுள்ளவர் உடனே புரோகிராமைத் திருத்தப் போகமாட்டார். இரண்டு மதிப்புகளை அச்சிட்டுப் பார்த்து, தேதி வெறும் எழுத்துச் சரமாகவே, இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாக, ஒப்பிடப்படுகிறது என்று கண்டுபிடிப்பார். அன்றாட அலுவலக வேலையும் பெரும்பாலும் இதுதான்.

வீட்டில் செய்து அனுப்பும் பணி வந்தால், எத்தனை மணி நேர வேலையை எதிர்பார்க்கிறார்கள், அனுப்பிய பின் அதைப் பற்றி உங்களுடன் பேசுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் அப்படியே விற்கக்கூடிய ஒரு முழுப் பகுதியை ஊதியமின்றிச் செய்யச் சொன்னால், மறுக்கத் தயங்க வேண்டாம்.

அழைப்பு வந்த அன்றே ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பி, எந்த முறை, எந்தப் புரோகிராமிங் மொழியில் எழுதலாம், எழுதியதை ஓட்டிப் பார்க்கலாமா, கூகுளில் தேடலாமா என்று விசாரியுங்கள். இதைக் கேட்டதற்காக ஒருவரை நான் குறைவாக மதிப்பிட்டதே இல்லை. ஐப்பசி இடிமழையில் மின்சாரமோ இணையமோ நின்றுபோனால் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பதையும் அதே மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.