மூன்று மாதம் வந்துபோகும் பி.ஜி. டாக்டர்: மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம்

கொழிஞ்சாம்பாறை, முதலமடை, கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து பாலக்காட்டு அரசு மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள், ஓ.பி.யில் முகம் தெரியாத இளம் டாக்டரைக் கண்டால் "இவர் படிக்கிற பிள்ளையா?" என்று தயங்குவது உண்டு. அவர் மாவட்ட உறைவிடப் பயிற்சிக்கு வந்தவராக இருந்தால் தயங்கத் தேவையில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பணியும் முடித்து, மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்ற பிறகே ஒருவர் எம்.டி., எம்.எஸ். என்ற முதுநிலைப் (பி.ஜி.) படிப்பு படிக்க முடியும். அந்த மூன்றாண்டுப் படிப்பின் நடுவில்தான் அவர் மாவட்டத்துக்கு வருகிறார்.

2020 செப்டம்பரில் முதுநிலை மருத்துவக் கல்வி விதிகள் திருத்தப்பட்டபோது வந்தது இந்தத் திட்டம். 2021இல் சேர்ந்த மாணவர்கள் முதல், எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் 3, 4, 5ஆம் பருவங்களில் (செமஸ்டர்) ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையிலோ மாவட்டச் சுகாதார அமைப்பிலோ தங்கிப் பணியாற்ற வேண்டும். தனியார் கல்லூரி மாணவருக்கும் விலக்கு இல்லை. இதை முடிக்காமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. முதலில் குறைந்தது 100 படுக்கை உள்ள மருத்துவமனைக்கே அனுப்பலாம் என்று இருந்தது. 2023 விதிகள் அதை 50 ஆக்கின. சின்ன ஊர் மருத்துவமனைகளுக்கு இது நல்ல செய்தி.

ஓ.பி., வார்டு, அவசரப் பிரிவு, இரவுப் பணி எல்லாம் இவர்களுக்கு உண்டு. நோயியல், தடயவியல் போன்ற துறையினர் ஆய்வகத்துக்கோ பொதுச் சுகாதாரப் பணிக்கோ போவார்கள். உதவித்தொகையைச் சொந்தக் கல்லூரியே கொடுக்கும். தங்குமிடம், பாதுகாப்பு அரசின் பொறுப்பு. பாதுகாப்பை ஏட்டளவில் விட்டுவிட முடியாது. 2023 மே மாதம் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் பணியிலிருந்த ஹவுஸ் சர்ஜன் குத்திக் கொல்லப்பட்ட பிறகுதான், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கான தண்டனையைக் கேரளம் கடுமையாக்கியது.

மக்களுக்கு என்ன லாபம்? சேவைக்குக் கைகொடுப்பதும் விதியில் எழுதப்பட்ட நோக்கங்களில் ஒன்று. ஆனால் இவரை நிரந்தர நிபுணரின் கணக்கில் சேர்க்கக் கூடாது. தன் துறை நிபுணர் அங்கே இருந்தால் அவரிடம் கற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நிபுணர் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஊரில் கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, மூன்று மாதத்துக்குப் பின் பார்க்க ஆளும் இல்லை. காலியிடத்தை நிரப்பு என்று கேட்பதை ஊர்க்காரர்கள் இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய் என்று நீண்ட நாள் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரின் நினைவை நம்பாமல் காகிதத்தை நம்ப வேண்டும். ஓ.பி. சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். கோயம்புத்தூரில் பார்த்த சீட்டுகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இந்தப் பணிப் பட்டியலை அந்தந்த மாநிலமே போடுவதால், அங்கே உங்களைப் பார்த்த பி.ஜி. டாக்டரை இங்கே எதிர்பார்க்க முடியாது.

மொழிச் சிக்கலும் உண்டு. அரசுக் கல்லூரி முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு. வருகிறவர் ராஜஸ்தான்காரராகவும் இருக்கலாம். மலையாளமே தடுமாறுகிறவரிடம் தமிழில் வலியைச் சொல்வது எளிதல்ல. தமிழ் தெரிந்த செவிலியரையோ ஆஷா பணியாளரையோ கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். மருந்து எத்தனை வேளை என்பதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

தன்னைப் பார்க்கும் டாக்டர் யார், என்ன தகுதி என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். குறை இருந்தால் அந்த இளைஞரிடம் சண்டைக்குப் போகாமல் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளின் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனுவைக் கொடுத்ததும், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.