ஆப்புல ஸ்டார் விழுந்தா புள்ள வாசிக்குதுன்னு அர்த்தம் இல்லைங்க

நேத்தும் ஒரு அம்மா, புள்ள சத்தமா வாசிக்கறதைக் கேட்டு ஸ்டார் போடற ஆப்பைத் திறந்து போனை நீட்டினாங்க. "மிஸ், இந்த ரீடிங் ஆப் இவனுக்கு எப்பவும் கம்மியாதான் போடுது, டிஸ்லெக்ஸியாவா இருக்குமோ?" டிஸ்லெக்ஸியான்னா வாசிக்க, எழுதத் திணற வைக்கற ஒரு கற்றல் குறைபாடு. இந்த வருஷம் இதே கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, அதான் எழுதறேன்.

பையன் மூணாங்கிளாஸ். கதையில "பாட்டி ஊருக்குப் போய்விட்டார்"னு இருக்கு, இவன் "பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க"ன்னு வாசிக்கறான். ஆப் சிவப்பு காட்டுது. எனக்கு அது நல்ல சேதிங்க! வாசிச்சது அவனுக்குப் புரிஞ்சு, வீட்டுல பேசற தமிழா வெளிய வருது. வாசிக்கும்போது புள்ள எங்க தப்புது, ஏன் தப்புதுன்னு பாக்கணும்னு வாசிப்பு ஆராய்ச்சியாளர் கென்னத் குட்மேன் 1960கள்லயே சொல்லிட்டாரு, அப்படித் தப்பி வாசிக்கறதை எங்க ஃபீல்டுல மிஸ்க்யூன்னு சொல்லுவோம்.

எனக்குக் கவலை ஃபுல் ஸ்டார் வாங்கற புள்ளைங்கதான். தமிழ்ல எழுத்துக்கூட்டத் தெரிஞ்சா அர்த்தம் தெரியாமலே பக்கம் பக்கமா சத்தமா வாசிச்சிடலாம், ஆப் சத்தம் ஒத்துப்போகுதான்னுதான் பாக்குது, முடிச்சதும் "பாட்டி எங்க போனாங்க?"ன்னு நாம கேட்டா புள்ள முழிக்கும். சத்தமா வாசிக்கறது வேற, புரிஞ்சு வாசிக்கறது வேற, இதை எத்தனை தடவ சொல்றது!

அப்புறம் இந்த நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைங்கற கணக்கு. இங்கிலீஷ் புள்ளைங்களுக்குப் போட்ட அட்டவணையைத் தயவுசெஞ்சு தமிழுக்கு வைக்காதீங்க. "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" நமக்கு ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல அஞ்சாறு வார்த்தை ஆகும்.

போனே வேணாம்னு சொல்லல. மாசம் ஒரு தடவ புள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு பத்தியைக் குடுத்து ஒரு நிமிஷம் வாசிக்கறதை ரெக்கார்ட் பண்ணி வைங்க, முடிச்சதும் கதையைச் சொந்த வார்த்தையில சொல்லச் சொல்லி அதையும் பதிவு பண்ணுங்க, நாலு மாசம் கழிச்சுப் போட்டுக் கேட்டா வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மனப்பாடமான கதையை மறுபடி மறுபடி வாசிக்க விட்டு ஸ்கோர் ஏத்தாதீங்க.

எழுதறதுக்கும் இதேதான். கையெழுத்துக்குத் திணறுற புள்ளைக்கு வாய்ஸ் டைப்பிங் வரம்தான், மனசுல இருக்கற கதை முழுசா வெளிய வரும். ஆனா "மழை", "பள்ளி"னு சரியா விழுந்தா அந்த ழகரம் ளகரம் போன் போட்டது. ஸ்பெல்லிங் பாக்கணுமா, பேப்பர்ல டிக்டேஷன் வைங்க, இல்ல கீபோர்டுல வார்த்தை எடுத்துக் குடுக்கறதை ஆஃப் பண்ணுங்க.

சந்தேகம் இருந்தா முதல்ல கண்ணு, காது செக் பண்ணுங்க. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துலயே இருக்கு, அதை முறையா டெஸ்ட் வச்சு சைக்காலஜிஸ்ட்தான் சொல்லணும், போன் சொல்லக் கூடாது. அதுவரைக்கும் புள்ள முன்னாடி அந்தப் பேரை எடுக்காதீங்க, ப்ளீஸ். அவன் கேட்டுட்டே இருக்கான்.