கிராண்ட்ஃபாதர் கிளாஸ் (grandfather clause) – பாட்டன் விதி

வருமான வரிச் செய்திகளில் 'கிராண்ட்ஃபாதரிங்' என்ற சொல் அவ்வப்போது கண்ணில் படும். 2018 பட்ஜெட்டில் பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு மறுபடி வரி போட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 31 வரை சேர்ந்திருந்த லாபத்தை விட்டுவிட்டார்கள். அந்த ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். புது விதி வந்தாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குப் பழைய விதியே தொடரும் என்பது பொருள்.

சரி, இதில் தாத்தா எங்கிருந்து வந்தார்? அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வந்தார். இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம், லூசியானா 1898இல் எழுதிக்கொண்ட மாநில அரசியல் சட்டம்.

வாக்களிக்க எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது குறைந்தது 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நிறத்தைப் பற்றி அந்த நிபந்தனையில் பேச்சே இல்லை. பேசவும் முடியாது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை இவற்றைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1870இல் வந்த 15ஆவது திருத்தம் தடுத்திருந்தது. ஆனால் யாருக்கு எழுத்தறிவு இல்லை, ஏன் இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அடிமைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுப்பதையே 1830இல் குற்றமாக்கிய மாநிலம் அது.

படிக்காத, சொத்தில்லாத வெள்ளையர்களும் ஏராளமாக இருந்தார்கள். அவர்களும் சேர்ந்து அடிபடாமல் இருக்க ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவர், அவருடைய மகன், பேரன் ஆகியோருக்குக் கல்வியும் வேண்டாம், சொத்தும் வேண்டாம். குறிப்பிட்ட கெடுவுக்குள் பதிவு செய்தால் போதும். அந்தத் தேதியைக் கவனியுங்கள். தெற்கில் கறுப்பின ஆண்கள் வாக்களிக்க வழிசெய்த சட்டம் 1867 மார்ச்சில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் கோடு போட்டுவிட்டார்கள். இதில் சிக்கியது அடிமையாக இருந்தவரின் பேரன் மட்டுமல்ல. நியூ ஆர்லியன்ஸில் அடிமைத்தனம் இல்லாமல் வாழ்ந்து, படித்து, சொந்த வீடு வைத்திருந்த கறுப்பினத் தாத்தாக்களும் உண்டு. அவர்களுக்கும் அந்தத் தேதியில் வாக்கு கிடையாது. எனவே அவர்களுடைய பேரனுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

மறைமுகமாகச் செய்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டின் தலைவர் எர்னஸ்ட் க்ருட்ஷ்னிட், இது வெள்ளையரை வாக்களிக்க விடுகிறது, கறுப்பரைத் தடுக்கிறது, இதற்காகத்தானே இங்கே கூடினோம் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். பிஞ்ச்பேக் என்ற கறுப்பினத்தவர் 1872இல் சில வாரங்கள் ஆளுநராகவே இருந்த மாநிலம் லூசியானா. அங்கே 1896இல் பதிவில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1900இல் 5,320. 1904இல் 1,342. இந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைச் சாதாரணமாக உச்சரிக்க எனக்கு வரவில்லை.

வட கரோலினா, அலபாமா, ஜார்ஜியா, ஓக்லஹோமா ஆகியவையும் இதே மாதிரி விதிகளைக் கொண்டுவந்தன. 1915இல் ஓக்லஹோமா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி எட்வர்ட் டக்ளஸ் ஒயிட் லூசியானாக்காரர், உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையில் இருந்தவர். ஆனாலும் தடை நீங்கவில்லை. லூசியானா 1921இல் வேறொரு தேர்வைப் புகுத்தியது: அரசியல் சட்டத்தின் ஒரு பகுதிக்குப் பதிவாளர் ஏற்கும்படி விளக்கம் சொல்ல வேண்டும். அது சரியான விளக்கமா என்று முடிவு செய்வது அந்தப் பதிவாளரேதான். 1965 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

இனி தமிழ்ச் சொல். 'தாத்தா விதி' என்றால் செல்லமாக ஒலிக்கிறது. நடந்த கொடுமைக்குப் பொருந்தவில்லை. 'மூதாதையர் விதி' பொதுவாகப் போய்விடுகிறது. வரலாற்றுப் பொருளுக்குப் 'பாட்டன் விதி' என்பதே என் தேர்வு. "உன் பாட்டன் சொத்தா?" என்று நாம் சண்டையில் கேட்பதுண்டே, அந்த உரிமை கொண்டாடும் தொனி இதில் இருக்கிறது. வாக்குரிமையை அங்கே பாட்டன் சொத்தாகத்தான் ஆக்கினார்கள்.

இன்றைய வணிகப் பொருளுக்கு இந்தப் பாட்டன் தேவையே இல்லை. 2020இல் மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கட்டட வழக்கில், இனப் பாகுபாட்டில் பிறந்த சொல் என்று காரணம் சொல்லி 'கிராண்ட்ஃபாதரிங்' என்பதைத் தவிர்த்துவிட்டது. தமிழிலும் வரிச் செய்தி, ஒப்பந்தம் போன்றவற்றில் 'பழைய உரிமைக் காப்பு' என்று எழுதலாம். செல்போன் பிளானுக்கு அதுகூட வேண்டாம். "பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய கட்டணமே தொடரும்" என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.