கன்ட்ரோலருக்கு 'ஆளர்' எதற்கு?

போன வாரம் அக்கா மகனோடு உட்கார்ந்து, தோட்ட ரயிலுக்கான, அதாவது தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டும் சிறு மாதிரி ரயிலுக்கான குறிப்புத்தாள் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. "கட்டுப்பாட்டாளரிடமிருந்து இரண்டு கம்பிகளைத் தண்டவாளத்துக்குக் கொண்டுசெல்லவும்" என்று வாய்விட்டு வாசித்தவன் நிமிர்ந்து பார்த்து, "மாமா, கம்பியை யார்கிட்ட போய் வாங்கணும்?" என்று கேட்டான். பத்து வயதுப் பையன். கன்ட்ரோலர் என்ற பெட்டியைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். அவன் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அந்த வரியை அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

அதே தாளில் மூன்று வரி தள்ளி, பவர் சப்ளைக்கு 'மின்வழங்குநர்' என்று இருந்தது. பின்பக்கத்தில் அதே பெட்டிக்கு 'மின்னூட்டி' என்று பெயர் மாறியிருந்தது. இந்த மூன்று சொற்களையும் வெவ்வேறு இடங்களில் பார்த்துப் பார்த்துப் பொறுத்துவிட்டேன். ஒரு குழந்தை குழம்பி நிற்பதைக் கண்ட பிறகு பொறுக்க முடியவில்லை.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். பவர் சப்ளை என்பது வீட்டு மின்சாரத்தை வாங்கி, ரயிலுக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்தமாக, பெரும்பாலும் நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டி. கன்ட்ரோலர் என்பது அதை வாங்கி, வண்டி எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பெட்டி. தொடக்கநிலைப் பெட்டகங்களில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். மேலே ஒரு திருகு இருக்கும். அதனால்தான் பலர் இரண்டையும் சேர்த்து 'டிரான்ஸ்ஃபார்மர்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர், அதாவது மின்மாற்றி, மாறுமின்னோட்டத்தின் அழுத்தத்தை ஏற்றி இறக்குவதோடு சரி. தண்டவாளத்துக்கு அது மட்டும் போதாது.

சொற்பிறப்பு சுருக்கமானது. 'கன்ட்ரோலர்' இடைக்கால லத்தீனின் 'கான்ட்ரா ரொட்டுலுஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பொருள் 'எதிர்ச்சுருள்'. ஒருவர் எழுதிய கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்காக அதன் நகலை வைத்திருந்த அலுவலர்தான் முதல் கன்ட்ரோலர். 'ரொட்டுலுஸ்' என்றால் சிறு சக்கரம், சுருள். அதற்கும் வேர் 'ரொட்டா', சக்கரம். 'சப்ளை' என்பதற்கு வேர் நிரப்புதல், குறையைத் தீர்த்தல். 'பவர்' என்பதற்கு இயலுதல்.

எதிர்த்தரப்பு இங்கேதான் கையை உயர்த்தும். மூலத்தில் கன்ட்ரோலர் ஓர் ஆள்தானே, அப்படியானால் 'கட்டுப்பாட்டாளர்' சரிதானே என்பார்கள். சரியில்லை. ஆங்கிலத்தில் ஒரே விகுதி ஆளுக்கும் கருவிக்கும் போகும். டிரைவர் வண்டி ஓட்டுபவரும் ஆவார், ஸ்க்ரூ டிரைவர் திருகாணியைத் திருகவும் செய்யும். அந்த மொழிக்கு அது பழக்கம். தமிழ் அப்படிப்பட்ட மொழி அல்ல. எழுத்தாளர், செயலாளர், பொருளாளர், பார்வையாளர் என்று 'ஆளர்' சேர்ந்தால் அது உயர்திணை. நடந்து வருவார், பேசுவார், கையெழுத்திடுவார். தேர்வுக்கோ நிதிக்கோ பொறுப்பான ஓர் அதிகாரியைக் 'கட்டுப்பாட்டாளர்' என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். திருகும் கம்பியும் கொண்ட பெட்டியைச் சொல்லாதீர்கள்.

கருவிக்கு நம்மிடம் வேறு வழி இருக்கிறது, அது மிகப் பழையது. வினையோடு 'இ' விகுதியைச் சேர்ப்பது. சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது 306ஆம் குறள். கொல் என்ற வினையோடு இ சேர்ந்து, கொல்வது எதுவோ அதற்குப் பெயராகிவிட்டது. மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய் துருவி எல்லாம் எந்த அறிஞர் குழுவும் கூடி உருவாக்காத சொற்கள். தோட்டத்திலும் அடுக்களையிலும் தாமாகப் பிறந்தவை. பின்னால் வந்த கலைச்சொல்லாளர்கள் அதே தடத்தில் ஒலிபெருக்கி, மின்மாற்றி, மின்தேக்கி, குளிரூட்டி என்று போட்டார்கள். ஒன்றையாவது மக்கள் தவறாகப் புரிந்துகொண்டார்களா? 'ஒலிபெருக்குநரை மேடையில் வைக்கவும்' என்று யாரும் எழுதுவதில்லையே.

தொழிலாளி, முதலாளி என்று 'இ' ஆளையும் குறிக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'இ' இரு திணைக்கும் இடம் கொடுக்கும், 'ஆளர்' கொடுக்காது. கருவிக்குப் பெயர் தேடும்போது இடம் கொடுக்கும் விகுதியை விட்டுவிட்டு, கொடுக்காததைப் போய்ப் பிடிப்பானேன்?

இந்த வழக்கம் வேறு இடங்களிலும் உண்டு. மென்பொருள் தமிழாக்கத்தில் 'கோப்பு மேலாளர்', 'பணி மேலாளர்' என்று பார்க்கிறோம். அதே துறையில் உலாவி, செயலி என்று அழகான சொற்களும் உருவாகி நிலைத்துவிட்டன என்பதுதான் வருத்தம். வழி தெரியாமல் நடந்த பிழை அல்ல இது. ஒரு சொல்லை ஒருமுறை அகராதியில் பார்த்து, முதலில் கிடைத்த பொருளை எல்லா இடத்திலும் ஒட்டும் பழக்கத்தால் வந்தது. இப்போது எந்திரம் மொழிபெயர்க்கிறது, மனிதர் அதை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுகிறார். வாய்விட்டு ஒருமுறை வாசித்திருந்தாலே 'கட்டுப்பாட்டாளரிடமிருந்து' என்ற இடத்தில் நாக்கு தடுக்கியிருக்கும்.

'மின்வழங்குநர்' என்பதும் இதே நோய்தான், ஆனால் தீமை கொஞ்சம் கூடுதல். வழங்குநர் என்றால் வழங்கும் நிறுவனம், வழங்கும் ஆள். நம் வீட்டுக்கு மின்சாரம் தருவோர்தான் மின்வழங்குநர். 'மின்வழங்குநர் 24 வோல்ட் தர வேண்டும்' என்று படிப்பவர் என்ன நினைப்பார்? 'மின்வழங்கல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது செயலின் பெயர், பெட்டியின் பெயர் அல்ல. மின்வழங்கி என்பதே நேரானது. வழங்கி என்பதைக் கணினித்துறையில் சர்வருக்கு வைத்துக்கொண்டார்கள், குழப்பம் வராதா என்று கேட்பவர்களுக்கு: முன்னால் 'மின்' நிற்கும்போது எந்தக் குழப்பமும் வராது.

'சக்தி வழங்கி' வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் பவருக்குத் திறன் என்றும், இலங்கைப் பாடநூலில் வலு என்றும் படிக்கிறோம். சக்தி என்றால் இலங்கை மாணவருக்கு எனர்ஜி. பவரா, எனர்ஜியா என்று குழப்பும் ஒரு சொல்லை ஏன் பெட்டியின் பெயரில் இழுத்துவர வேண்டும்? பெட்டி வழங்குவது மின். 'மின்' போதும்.

'மின்னூட்டி' மீதுதான் எனக்கு உண்மையான கோபம். அது தவறு மட்டுமல்ல, ஆபத்து. மின்னூட்டி என்றால் சார்ஜர். தோட்ட ரயிலில் மின்னூட்டிக்கும் ஓர் இடம் உண்டு. மழையும் மண்ணும் படும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருக்கச் சலித்தவர்கள் வண்டிக்குள்ளேயே லித்தியம் அயான் மின்கலங்களை வைத்து, ரேடியோ வழியாக ஓட்டுகிறார்கள். நான்கு கலம் தொடராக இருந்தால் முழுதாக ஏறியபோது 16.8 வோல்ட். மின்னூட்டி அந்த எல்லை நெருங்கும்போது அழுத்தத்தை அங்கேயே பிடித்து, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்தும். மின்வழங்கிக்கு அந்த அறிவு இல்லை. 24 வோல்ட் என்றால் 24 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் தாளை நம்பி, மின்வழங்கியை மின்கலத்தோடு நேரே இணைத்தால் கலம் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். மொழிபெயர்ப்பாளர் இதை யோசித்தாரா?

கன்ட்ரோலருக்குச் 'சீராக்கி' என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். மின்விசிறியின் ரெகுலேட்டர் அவர்கள் மனத்தில் இருக்கிறது. ஆனால் மின்னழுத்தச் சீராக்கி என்பது அழுத்தத்தை மாறாமல் பிடித்து வைக்கும் உறுப்பு. அது மின்வழங்கிக்குள் இருக்கிறது. கன்ட்ரோலர் செய்வது நேர்மாறு: மாறாமல் வரும் 24 வோல்ட்டை வாங்கி, பூச்சியத்திலிருந்து மேலே வேண்டிய அளவுக்கு மாற்றித் தருகிறது, திசை மாற வேண்டுமானால் முனைகளை மாற்றுகிறது. டிசிசி முறையில், அதாவது தண்டவாளம் வழியாக வண்டிக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையில், இந்தச் சொல் இன்னும் பொருந்தாது. அங்கே தண்டவாளத்தில் எப்போதும் முழு அழுத்தம் இருக்கும். கன்ட்ரோலர் அனுப்புவது கட்டளை மட்டும். வண்டிக்குள் இருக்கும் குறிவிலக்கி (டிகோடர்) அதைப் படித்து மோட்டாரை ஓட்டும். 'ஆளி' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும். ஆளுகிறது என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆனால் இலங்கையில் அது ஸ்விட்சுக்குப் போய்விட்டது. போனது போகட்டும்.

ஆக, கட்டுப்படுத்தி. மின்வழங்கி, கட்டுப்படுத்தி. இந்த இரண்டு சொல்லையும் கையில் வைத்துக்கொண்டால் வாங்குவதும் எளிதாகிறது, ஏனெனில் கேட்க வேண்டிய கேள்விகள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன.

மின்வழங்கியிடம் கேட்பது: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர். 45 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் ஜி அளவு வண்டிகளுக்கு 24 வோல்ட் வரை வேண்டியிருக்கும். வீட்டுக்குள் ஓடும் சிறு வண்டிகளுக்கான 12 வோல்ட் பெட்டியில் இவை தவழும். ஒற்றை மோட்டார் எஞ்சின் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் இழுக்கும். இரட்டை மோட்டார், புகையூட்டி, விளக்கு எரியும் ரயில்பெட்டிகள், ஏற்றம் என்று சேரச் சேரக் கூடும். ஒரே நேரத்தில் ஓடுவதைக் கூட்டி, மேலே கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும். 24 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 120 வாட். இந்தப் பெட்டி வீட்டுக்குள், ஈரம் படாத இடத்தில்தான் இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போவது குறைந்த அழுத்தக் கம்பி மட்டும்.

கட்டுப்படுத்தியிடம் கேட்பது வேறு: எவ்வளவு மின்னோட்டம் தாங்கும், குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தானே நிறுத்துமா? தடம் புரண்ட ஓர் இரும்புச் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் தொட்டால் பின்னால் இருக்கும் மின்வழங்கி தன்னால் இயன்ற அத்தனை ஆம்பியரையும் அந்த ஒரு புள்ளியில் கொட்டும். 10 ஆம்பியர் மின்வழங்கியை ஆசைப்பட்டு வாங்கி, 3 ஆம்பியர் கட்டுப்படுத்தியை இடையில் உருகி (ஃபியூஸ்) இல்லாமல் வைத்தவர்கள் இதில்தான் பெட்டியை இழக்கிறார்கள்.

தமிழ்ச் சொல்லே வேண்டாம், கன்ட்ரோலர் என்றே எழுதுகிறேன் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. படிப்பவருக்குப் பொருள் தெரிந்த இரவல் சொல், பொருள் பிறழ்ந்த தமிழ்ச் சொல்லைவிட மேல். தனித்தமிழ்மேல் எனக்குள்ள பற்றையும் மீறித்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தக் குறிப்புத்தாளை எடுத்துவைத்து, பையனும் நானும் பேனாவால் திருத்தினோம். 'கட்டுப்பாட்டாளர்' பதினொரு இடத்தில் இருந்தது. பிறகு அவனே காகிதத்தை நறுக்கி, மூன்று பெட்டிகளிலும் பெயர் எழுதி ஒட்டினான். மூன்றாவது பெட்டியில் 'மின்னூட்டி, பேட்டரிக்கு மட்டும்' என்று எழுதி, 'மட்டும்' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டான்.