1933: பூட்டிய வங்கிகளும் நிவாரணப் பணம் போன பாதையும்

வங்கியில் போட்ட பணம் வங்கியில் இருப்பதில்லை. சிறு பங்கு ரொக்கமாகக் கையிருப்பில் இருக்கும். மற்றது வீட்டுக்கடனாகவும் பயிர்க்கடனாகவும் பத்திரங்களாகவும் வெளியே போயிருக்கும். போட்டவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து கேட்டால், ஒழுங்காக நடத்தப்பட்ட வங்கியும் விழும். ரொக்கம் திரட்ட அது பத்திரங்களை வந்த விலைக்கு விற்கிறது. அதனால் பத்திர விலை இறங்குகிறது. அதே பத்திரங்களை வைத்திருக்கும் பக்கத்து வங்கியின் சொத்து மதிப்பும் குறைகிறது. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் இப்படிச் சரிந்தன.

அந்நாட்டு வங்கி அமைப்பே இதற்கு இடம் கொடுத்தது. பல மாநிலச் சட்டங்கள் கிளைகள் திறக்க விடவில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான ஒற்றை அலுவலக வங்கிகள், அந்தந்த வட்டாரத்தின் ஓரிரு பயிர்களை நம்பியே நின்றன. 1929-க்கும் 1933-க்கும் இடையே பொது விலைவாசி ஏறத்தாழ கால்பங்கு இறங்கியது. விளைபொருள் விலை அதைவிட மோசமாக விழுந்தது. கடன் மட்டும் அதே டாலரில் நின்றது. விவசாயி கட்ட முடியாமல் நின்றபோது, அவருக்குக் கடன் கொடுத்த வங்கியும் நின்றது.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4-இல் அதிபராகப் பதவியேற்றபோது உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. பெரும்பாலான மாநிலங்கள் வங்கிகளை மூடியிருந்தன, அல்லது பணம் எடுக்க வரம்பு வைத்திருந்தன. பின்னர் நியூ டீல் என்று அழைக்கப்பட்ட திட்டங்களின் முதல் வேலை புதிதாக எதையும் கட்டுவதல்ல, நாடு முழுவதும் வங்கிகளைப் பூட்டுவது. மார்ச் 6-இல் நாடளாவிய வங்கி விடுமுறை அறிவிக்கப்பட்டது. அதற்குக் கைகொடுத்தது, முதல் உலகப்போர்க் காலத்தில் எதிரி நாட்டு வணிகத்தைத் தடுக்க இயற்றப்பட்ட 1917-ஆம் ஆண்டுச் சட்டம். மார்ச் 9-இல் அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. மார்ச் 12 ஞாயிறு இரவு, அதிபர் வானொலியில் வங்கி எப்படி இயங்குகிறது என்பதை எளிய சொற்களில் விளக்கினார். திறப்பும் ஒரே நாளில் நடக்கவில்லை. 13-ஆம் தேதி, நாட்டின் மைய வங்கி அமைப்பான பெடரல் ரிசர்வின் வங்கிகள் இருந்த 12 நகரங்கள். 14-ஆம் தேதி, வங்கிகள் ஒன்றுக்கொன்று காசோலைக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் தீர்வகம் இருந்த நகரங்கள். 15-ஆம் தேதி முதல் மற்ற ஊர்கள்.

வங்கிகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. நல்ல நிலையில் இருந்தவை உடனே திறந்தன. மூலதனம் குறைந்தவற்றில் அரசு நிறுவனம் ஒன்று முன்னுரிமைப் பங்குகள் வாங்கி முட்டுக்கொடுத்தது. தேறாதவை திறக்கவே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வங்கிகளின் கணக்கேடுகளை ஒரு வாரத்தில் யாராலும் முழுதாகச் சரிபார்த்துவிட முடியாது. காரியம் சாதித்தது தணிக்கையைவிட இன்னொரு ஏற்பாடு: திறக்கும் வங்கிக்குத் தேவைப்படும் ரொக்கத்தை, தங்கத்தை ஈடாகக் கேட்காமல், அதன் சொத்துகளின் பேரிலேயே பெடரல் ரிசர்வ் தரலாம் என்று புதிய சட்டம் சொன்னது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தவுடன் கேட்க வந்தவர்கள் குறைந்தார்கள். மக்கள் வீட்டில் பதுக்கிய ரொக்கத்தில் பாதிக்கும் மேல் மாத இறுதிக்குள் வங்கிக்குத் திரும்பியது.

வங்கி விழுந்தாலும் போட்டவர் பணம் திரும்பக் கிடைக்கச் செய்யும் வைப்புத்தொகைக் காப்பீடு அதற்கடுத்து, அந்த ஆண்டு ஜூன் மாதச் சட்டத்தில் வந்தது. ரூஸ்வெல்ட்டே முதலில் இதை விரும்பவில்லை. நல்ல வங்கி கட்டும் சந்தாவில் மோசமான வங்கி பிழைக்கும் என்பது ஆட்சேபம். அதில் நியாயமும் இருந்தது. முன்பு சில மாநிலங்கள் தனித்தனியே நடத்திய இத்தகைய நிதிகள் 1920-களில் திவாலாகியிருந்தன. ஒரே மாநிலத்து வங்கிகள் ஒரே பயிரின் விலையோடு சேர்ந்தே விழும்போது யார் சந்தா யாரைக் காப்பாற்றும்? நாடு முழுவதும் ஒரே நிதி என்றானதும் அந்த ஆபத்து பரவலாகிக் குறைந்தது. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரையிலும், ஜூலை முதல் 5,000 டாலர் வரையிலும் உத்தரவாதம். அந்த ஆண்டு வீழ்ந்த காப்பீட்டு வங்கிகள் வெறும் ஒன்பது. நியூ டீலின் மிகச் சிறந்த துண்டு இதுதான் என்பேன், செலவும் அதிகமில்லை.

வேலை நிவாரணத்தில் பிரச்சினை வேறு. அங்கே எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட, பணம் எந்தப் பாதையில் போனது என்பதே விளைவைத் தீர்மானித்தது. 1933 மே மாதம் 50 கோடி டாலரோடு தொடங்கிய நிவாரண நிர்வாகத்தில், பாதித் தொகைக்கு நிபந்தனை உண்டு: மாநிலம் 3 டாலர் செலவழித்தால் மத்திய அரசு 1 டாலர் தரும். கஜானா காலியான மாநிலத்தால் அந்த 3 டாலரைப் போட முடியாது. அங்கேதான் பசியும் அதிகம். மறுபாதியைத் தேவை பார்த்துக் கொடுத்ததால்தான் திட்டம் ஓடியது.

பொதுப்பணிகளுக்கு 330 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பொறுப்பேற்ற ஹரால்ட் இக்கீஸ் ஊழலுக்கு இடம் தராதவர். ஒவ்வொரு திட்டத்தையும் துருவிப் பார்த்தார். வரைபடம், நிலம், ஒப்பந்தப்புள்ளி என்று அணைக்கும் பாலத்துக்கும் மாதக்கணக்கில் ஆகும். கட்டியவை நிலைத்தன, ஆனால் குளிர்காலம் காத்திருக்கவில்லை. ஆகவே நவம்பரில் நிவாரண நிர்வாகத்தின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் வேறு வழி பிடித்தார். சாலை செப்பனிடுதல், பள்ளிக்கூடப் பழுது, வடிகால் என்று பெரிய இயந்திரமோ நீண்ட வரைபடமோ தேவைப்படாத வேலைகள். கூலியை மத்திய அரசே நேரடியாகத் தந்தது. ஏறத்தாழ இரண்டே மாதத்தில் 40 லட்சம் பேர் கூலிப்பட்டியலில் இருந்தார்கள். செலவுக்கு அஞ்சி 1934 வசந்தத்தில் அதையும் மூடினார்கள்.

1935-இல் வந்த பணித்திட்டம் எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை தந்தது. தொடக்கத்தில் மாதச் சம்பளம் வட்டாரத்தையும் திறனையும் பொறுத்து 19 முதல் 94 டாலர் வரை, குடும்பத்துக்கு ஒருவர். யார் தகுதியானவர் என்று சான்று தந்தது உள்ளூர் நிவாரண அலுவலகம். ஓட்டை அங்கேதான் விழுந்தது. தென்மாநிலங்களில் பருத்தி பறிக்கும் பருவம் வந்தால், நிலக்காரர்களுக்குக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கட்டும் என்று கறுப்பினத் தொழிலாளர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதற்கு நேர்மாறு, இளைஞர்களுக்கான வனப் பாதுகாப்புப் படை: மாதச் சம்பளம் 30 டாலரில் 25 டாலர் பொதுவாக நேராக வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பணம் சுற்றிவளைக்காமல் குடும்பத்தின் கைக்குப் போனது.

பாதை பிழைத்தால் என்ன ஆகும் என்பதை விவசாயத் திட்டம் காட்டியது. நோக்கம், விளைபொருளின் வாங்குசக்தியை 1909–14 அளவுக்கு உயர்த்துவது. வழி, பயிர்ப்பரப்பைக் குறைப்பவருக்குப் பணம். அந்தப் பணம் பஞ்சாலை, மாவு ஆலை போன்றவற்றின் மீது போட்ட வரியிலிருந்து. 1933-இல் திட்டம் தொடங்குமுன்பே பருத்தி முளைத்துவிட்டதால், சுமார் 1 கோடி ஏக்கர் பயிரை உழுது அழித்தார்கள். 60 லட்சம் பன்றிகளையும் கொன்றார்கள். விலை ஏறியது. ஆனால் பணம் நில உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது. விளைச்சலில் பங்கு பெற்று வாரத்துக்குப் பயிரிட்டவருக்கு உரிமையாளர் அதில் பங்கு தரவேண்டும் என்ற விதி தாளில் இருந்தது; பரப்பு குறைந்தபின் வாரக்காரரே தேவையில்லை என்று பலர் வெளியேற்றப்பட்டார்கள். 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரியைச் செல்லாது என்றது.

1937-இல் வந்த சரிவு இன்னொரு பாடம். பொருளாதாரம் நான்காண்டுகள் வேகமாக மீண்டுகொண்டிருந்தது. தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியபின் ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த தங்கம் அதற்குப் பெரிய துணை. அந்த நேரத்தில் பல குழாய்களை ஒருசேர மூடினார்கள். 1936-இல் முன்னாள் போர்வீரர்களுக்கு ஒருமுறை தந்த ஊக்கத்தொகை முடிந்தது. நிவாரணச் செலவு வெட்டப்பட்டது. வங்கிகள் வைக்கவேண்டிய கையிருப்பு விகிதத்தைப் பெடரல் ரிசர்வ் மூன்று படிகளில் இரட்டிப்பாக்கியது. வரும் தங்கம் பணமாக மாறாதபடி கருவூலம் ஒதுக்கி வைத்தது. போதாததற்கு, சமூகப் பாதுகாப்பு வரி 1937 ஜனவரியில் தொழிலாளியிடமும் முதலாளியிடமும் தலா 1 சதவீதம் பிடிக்கத் தொடங்கியது. மாதாந்திர ஓய்வூதியம் கிடைத்ததோ 1940-இல்தான். சீர்திருத்தம் சரியானது, தொடங்கிய வேளை தவறு. தொழில் உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. 1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் செலவைத் திரும்பக் கூட்டினார், கையிருப்பு விகிதமும் குறைக்கப்பட்டது; அந்தக் கோடையில் உற்பத்தி மறுபடி ஏறியது.